கடைசியாக வந்தவர் கையில் விசில்

ஞாயிறு நடை வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒருவர் கூட்டத்தை அழைத்துப் போனால், அவரை நிரந்தர வழிகாட்டி ஆக்கலாமா என்பதைத் தலைவர் முடிவு செய்ய மாட்டார். அன்றைக்கு எல்லோருக்கும் கடைசியாக யார் வந்து சேர்கிறாரோ, அவர்தான் முடிவு செய்வார். திருப்தி என்றால் வட்டத்தின் பித்தளை விசிலை வழிகாட்டியின் கழுத்தில் மாட்டுவார். இல்லையென்றால் தலைவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். வழி எப்படி என்று கடைசி ஆளிடம்தான் கேட்க வேண்டும் என்பது தலைவரான பல் டாக்டரின் கட்சி.

அந்த விசிலுக்குத்தான் அண்ணி ஆசைப்பட்டாள். மருந்துக்கடையில் வேலை. அவளை வட்டத்தில் சேர்த்துவிட்டது நாத்தனார். அவள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, தலை நரைத்தவர்கள்கூட அண்ணி என்றே கூப்பிட்டார்கள். நாத்தனார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். நடையில் எப்போதும் முதல் ஆள். வாயிலும் முதல் ஆள்.

"எங்க அண்ணி இருக்காங்களே, லிஃப்ட்ல ஏத்திவிட்டா எந்த மாடியில இறங்கணும்னு கூடவே ஒரு ஆள் போய்ச் சொல்லணும்!"

கல்யாணமான புதிதில் பிறந்த ஜோக். வருஷக்கணக்காகியும் அதற்கு ஓய்வு கிடைக்கவில்லை. கேட்டுக் கேட்டு அண்ணிக்குக் காது புளித்துப்போயிற்று. போன கூட்டத்தில் மறுபடி அது கிளம்பியபோது, சட்டென்று கையைத் தூக்கினாள். "அடுத்த நடைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்." சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது.

ரயில் நிலையத்தில் தொடங்கி, மூடிக்கிடக்கும் ஆலைத் தெருக்கள் வழியாக, ஆற்றங்கரையிலுள்ள பழைய நீரேற்று நிலையம் வரை நடை. இப்போது அது அருங்காட்சியகம். முன்கூட்டியே சொல்லி வைத்தால், அந்தக் காலத்து ராட்சத இயந்திரத்தை ஓட்டியே காட்டுவார்கள். அண்ணி பலமுறை நடந்து பார்த்து, எந்தச் சுவரில் எந்த விரிசல் என்பதுவரை மனப்பாடம் செய்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது முக்கிலேயே எல்லாம் மறந்துபோனது. தெரிந்த கதவு ஒன்றுகூட இல்லை. தெரிந்த சுவர் இல்லை. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அவள் வீடு இருப்பது அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில். ஒவ்வொரு முறையும் அங்கே ஆரம்பித்து, ரயில் நிலையத்தில் முடித்து, பஸ் பிடித்து வீடு திரும்பியிருக்கிறாள். மொத்த வழியும் அவளுக்குத் தலைகீழாகத்தான் தெரியும்!

"என்ன அண்ணி, லிஃப்டுக்குக் காத்திருக்கீங்களா?" என்றாள் நாத்தனார். எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணி வலப்பக்கத் தெருவில் கொஞ்சதூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். அதோ, நீல இரும்புக் கதவு. அதன் மேலே ஓடாத கடிகாரம். உயிர் வந்தது.

"இதுதான் வழி! வாங்க!"

அதன்பிறகு வெட்கத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, முக்குக்கு முக்கு பின்பக்கமாகவே நடந்தாள். "நம்ம மூஞ்சியப் பாத்துக்கிட்டே கூட்டிட்டுப் போற வழிகாட்டிய இப்பதான் பாக்குறேன்" என்றார் கூட்டத்திலிருந்த ஜெராக்ஸ் கடைக்காரர்.

முகங்களைப் பார்த்துக்கொண்டே நடந்ததால்தான் அண்ணிக்கு அது தெரிந்தது. முதலில் வந்துகொண்டிருந்த நாத்தனார் இப்போது கடைசியில் இருந்தாள். போட்டோ எடுப்பதாகப் பாவனை. ஆனால் வலது காலை ஊன்றும்போதெல்லாம் உதட்டைக் கடித்தாள். வலியை மறைத்துக்கொண்டு யாருக்கோ வாங்குவதுபோல மருந்து கேட்பவர்களை அண்ணி தினம் பார்க்கிறவள். பொய் சொல்வானேன், ஒரு நொடி மனசு குளிரத்தான் செய்தது. மறு நொடி பொறுக்கவில்லை. கால் வலிக்கிறதா என்று நாலு பேர் முன்னால் கேட்டால் அந்த விளையாட்டு டீச்சர் கூனிக்குறுகிப் போய்விடுவாள்.

"எல்லாரும் இந்தப் படியில உக்காருங்க. இந்த ஆலையப் பத்திக் கொஞ்சம் சொல்லணும்" என்றாள் அண்ணி. தெரிந்ததைச் சொன்னாள். தெரிந்தது தீர்ந்ததும் இழுத்து இழுத்துச் சொன்னாள். நாத்தனார் அதற்குள் வந்து சேர்ந்து, ஷூ கயிற்றைக் கட்டுகிற சாக்கில் உட்கார்ந்தாள். அடுத்த தெருவிலும் இதே கதை. பாலத்திலும் இதே கதை.

"அண்ணி, மெஷின்காரர் பூட்டிட்டுக் கிளம்பிடுவாரு. இவ்வளவு தூரம் நடந்தது வீணாப் போயிடும்" என்றார் பல் டாக்டர், கடிகாரத்தைப் பார்த்தபடி. நெற்றி சுருங்கியிருந்தது.

விசில் கைநழுவுவது அண்ணிக்குத் தெளிவாகத் தெரிந்தது. போனை எடுத்து மெஷின்காரரைக் கூப்பிட்டாள். "கொஞ்சம் பொறுத்துக்கோங்க சார். இன்னைக்குப் புது வழிகாட்டி. அவங்களுக்கு வேகமா நடக்க வரல."

கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள்.

அருங்காட்சியக வாசலில் கடைசியாக வந்து நின்றது நாத்தனார்தான். பல் டாக்டர் விசிலை அவள் கையில் கொடுத்தார்.

"வழி தெரியாம முழிச்சாங்க. பின்பக்கமா நடந்தாங்க. போதாததுக்கு அங்கங்க உக்கார வெச்சுக் கதை சொல்லி லேட் பண்ணாங்க" என்றாள். அண்ணி தரையைப் பார்த்தாள்.

"என் முட்டி ரொம்ப நாளா சரியில்ல. வீட்ல சொல்லல, ஸ்கூல்ல சொல்லல. இவங்க மட்டும்தான் பாத்தாங்க. பாத்துட்டு, பழியத் தன் தலையில போட்டுக்கிட்டாங்க." விசில் கயிற்றை விரித்துப் பிடித்தாள். "இவங்க எங்க கூட்டிட்டுப் போனாலும் நான் வர்றேன். முன்னாடியும் வருவேன், பின்னாடியும் வருவேன்."

விசில் அண்ணியின் கழுத்தில் ஏறியது. பித்தளை ஜில்லென்று நெஞ்சில் பட்டது. அவளுக்குக் கண் கலங்கியது. அதைவிடப் பெருமையாக இருந்தது.

உள்ளேயிருந்து எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே மெஷின்காரர் வந்தார். "போன்ல சொன்னீங்களே, நடக்க வராத வழிகாட்டி, அது யாருங்க?"

மைதானத்தில் கத்திப் பழகிய குரலில் நாத்தனார் சொன்னாள். "எங்க அண்ணி!"

பழக்க தோஷத்தில் அண்ணி அந்த வார்த்தைக்குப் பின்னால் வரும் லிஃப்டுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. நாத்தனார் சொல்ல வந்தது அவ்வளவுதான்.