காசில்டா வீட்டுக் குழி

ஊற்றுகிற கான்கிரீட் எங்கே போகிறது என்று யாருக்கும் புரியவில்லை. காலையிலிருந்து கொத்தனார் நிகாசியோவும் அவன் மைத்துனனும் வாளி வாளியாகக் கொட்டுகிறார்கள். முற்றத்துக் குழி நிறைகிற வழியைக் காணோம்.

காசில்டாவுக்கு ஓரிடத்தில் கால் நிற்கவில்லை. குழியை எட்டிப் பார்ப்பாள், தெருக்கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று பார்ப்பாள், படிக்கட்டின் கீழே போய் நின்று மேலே காது கொடுப்பாள். மறுபடி குழி.

"கொஞ்சம் உட்காருங்கக்கா. நீங்க நடக்கிற நடையில எனக்குத் தலை சுத்துது" என்றான் நிகாசியோ.

"என் நடை இருக்கட்டும். நீ ரேடியோவை இன்னும் சத்தமா வை."

ஸ்பெயின் நாட்டுத் தொலேதோவில் வேலை நடக்கிற வீட்டில் திடீரென்று ரேடியோ அலறினால், உள்ளே ஏதோ பழையது அகப்பட்டிருக்கிறது என்று பொருள். அகப்பட்டதைத் தொல்பொருள் அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும், அதுதான் சட்டம். சொன்னால் ஒரு பெண் சின்ன பிரஷ்ஷோடு வந்து உட்காருவாள், வேலை நின்றுவிடும். முனையிலிருந்த ரொட்டிக்கடைக்காரர் யோக்கியமாகப் போய் ஒரு பானையைப் பற்றிச் சொன்னார். அவர் அடுப்பு இன்னும் பற்றவில்லை. அதனால் இந்த ஊர்க் கொத்தனார்களின் கண்ணில் எதுவும் படாது. அப்படிப்பட்ட கண்ணுக்குத்தான் இங்கே கிராக்கி.

நேற்று லிஃப்டுக்குக் குழி தோண்டும்போது கடப்பாரை முட்டியது ஒரு செங்கல் வளைவில். முன்பு இந்த ஊரை ஆண்ட முஸ்லிம் மூர்கள் காலத்தது என்றான் நிகாசியோ. கீழே ஒரே இருட்டு, சில்லென்று காற்று. காசில்டா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "மூடிடு" என்றாள்.

அவளுக்கு லிஃப்ட் வேண்டும், வேறொன்றும் வேண்டாம். அவள் கணவன் ஹசிந்தோவுக்குப் போன இலையுதிர் காலத்தில் பக்கவாதம் வந்தது. அன்றிலிருந்து மனிதன் மேல்மாடியை விட்டு இறங்கவில்லை. இந்த வீட்டுக்கு ரோமானியன் போட்ட அடித்தளம், மூர் எழுப்பிய சுவர், அதன் மேல் யார் யாரோ ஒட்டவைத்த மாடிகள். எல்லாரும் மேலே மேலே கட்டினார்களே தவிர, ஒரு காலை இழுத்துக்கொண்டு ஒருவன் எப்படி இறங்குவான் என்று ஒருத்தனும் யோசிக்கவில்லை. நாலு பேர் தூக்கி இறக்குகிறோம் என்று வந்தபோது, "தோள்ல தூக்கிட்டுப் போக நான் என்ன சப்பரமா?" என்று துரத்திவிட்டான். நற்கருணையைத் தெருத்தெருவாகக் கொண்டுபோகும் கொர்புஸ் ஊர்வலம் நெருங்குகிறது. மேல் தெருவில் துணிப்பந்தல் கட்டியாகிவிட்டது. அவன் சன்னலில் உட்கார்ந்து கூரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

தெருக்கதவு இடிபட்டது.

"கதவைத் திறடி காசில்டா! திறக்கலைன்னா உடைப்பேன்!"

லெயோகாதியா. ஹசிந்தோவின் பெரியப்பா மகள், பின்வீட்டுக்காரி. மலைச்சரிவில் அவள் வீடு உயரத்தில் இருந்தது. அதன் கீழ்த்தளமும் ஹசிந்தோவின் மேல்மாடியும் ஒரே மட்டம். ஒரு காலத்தில் இரண்டும் ஒரே வீடுதான். இவர்களுடைய அப்பாக்கள், அண்ணனும் தம்பியும், சண்டை போட்டுப் பிரிந்தபோது நடுவாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அதற்கப்புறம் சாவுக்குக்கூடப் போக்குவரத்தில்லை. அந்த வாசல் திறந்தால் ஒரு படிகூட இறங்காமல் மேல் தெருவுக்கு நடந்துவிடலாம் என்று காசில்டாவுக்குத் தெரியாமல் இல்லை. ஹசிந்தோவுக்கும் தெரியும். ஆனால் லெயோகாதியா முன்னால் போய்க் கைகட்டி நிற்பதைவிட பூமியைத் தோண்டுவது மேல் என்று இருந்துவிட்டார்கள், இருவரும்.

கதவைத் திறந்தால், லெயோகாதியாவுக்குக் கணுக்கால் வரை சிமெண்ட்.

"என் நிலவறையில ஆறா ஓடுதுடி! தொங்கவிட்ட பன்னித்தொடை, ஒயின் பீப்பாய், எல்லாம் போச்சு!"

நிகாசியோ வாளியைக் கீழே வைத்தான். கான்கிரீட் எங்கே போனது என்று இப்போது புரிந்தது: மலைக்குள் ஆழமாக இறங்கும் அவள் நிலவறையும் இந்தச் செங்கல் வளைவும் ஒன்றே.

"உங்க வீட்டுக்கு நிலவறை இருக்கிறது அந்த ஆபீசுக்குத் தெரியுமா?" என்றாள் காசில்டா.

லெயோகாதியா உடனே, "உன் குழி தெரியுமா?" என்றாள். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்கே அவன்? அவனையே கேட்கிறேன்."

ஒவ்வொரு படியையும் திட்டிக்கொண்டே மூச்சிரைக்க ஏறினாள். காசில்டா பின்னாலேயே ஓடினாள்.

ஹசிந்தோ, அடைத்த நடுவாசலைப் பாதி மறைத்திருந்த பெரிய அலமாரிக்குப் பக்கத்தில் கைத்தடியை ஊன்றி நின்றிருந்தான். சட்டை தோளில் தொங்கியது. திட்ட வந்தவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஆளைப் பாதியாகப் பார்ப்போம் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"சாயங்காலமானா செவுத்துல தட்டுறது நீதானே?" குரல் இறங்கிவிட்டது. "என்னை வம்புக்கு இழுக்கிறியோன்னு நினைச்சு ரேடியோவைச் சத்தமா வச்சேன்."

"தட்டலைக்கா. நடந்து பழகுறேன். அந்தச் சன்னல்லேர்ந்து இங்க வரைக்கும். குச்சி செவுத்துல முட்டினா திரும்பிடுவேன்."

லெயோகாதியா கட்டிலில் உட்கார்ந்தாள். செருப்பில் காய்ந்துகொண்டிருந்த சிமெண்டைப் பார்த்தாள்.

"அலமாரியை நகர்த்துங்க" என்றாள்.

பின்னால் வந்து நின்ற நிகாசியோ தொண்டையைச் செருமினான். "அக்கா, பழைய செவுத்தை இடிக்கவும் அனுமதி..."

"குழியை மூட அனுமதி வாங்கினியா நீ? கடப்பாரையை எடுத்துட்டு வா" என்றாள் லெயோகாதியா.

செங்கல் சுலபமாகவே பெயர்ந்தது. கோபத்தில் கட்டிய சுவர்தானே, சுண்ணாம்பு சரியாகக் குழைக்கவில்லை. அந்தப் பக்கமும் ஓர் அலமாரி, அதன் மேல் ரேடியோ. லெயோகாதியா சுற்றிக்கொண்டு ஓடி, தன் பக்கமிருந்து இழுத்தாள், தட்டுகள் கலகலத்தன. பந்தல் நிழலோடு தெருச் சத்தமும் ஊர்வலத்துக்காகத் தெருவில் தூவிய காட்டுத் துளசி வாசனையும் அறைக்குள் வந்தன. காசில்டாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஒரு குளிர்காலம் முழுக்க இவனை இங்கே பூட்டிவைத்தது படிக்கட்டு இல்லை, தன் வீம்புதான்.

"நடங்க" என்றாள்.

ஹசிந்தோ சன்னலிலிருந்து புறப்பட்டான். தடி, கால், இழுக்கிற கால். சுவர் இருந்த இடம் வந்ததும் நின்றான். பழக்கத்தில் தடியை எடுத்து மெல்லத் திரும்ப ஆரம்பித்தான்.

"திரும்பாதடா" என்றாள் லெயோகாதியா அந்தப் பக்கத்திலிருந்து. "வா."