தோலோடு எடை போட்ட ஆரஞ்சு

ஐந்து மணிக்கு மேல் என் அம்மாவுக்குக் கை நடுங்கும். தையல் ஆலையில் சட்டைக்குக் காலர் வைக்கிற வேலை. மத்தியானச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு. வேலை முடிய எட்டாகும். நடுவில் நாலு மணிக்கு ஒரே ஒரு ஆரஞ்சு. போன மாதம் ஊசி அம்மாவின் நகத்தில் இறங்கிவிட்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் மெஷினிலிருந்து எடுத்து, கூலி குறைந்த நூல் வெட்டுகிற வேலைக்குப் போட்டுவிடுவேன் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

நான் அதே ஆலையின் கேண்டீனில் உணவியல் உதவியாளர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஆரஞ்சுக்குப் பதில் அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அலுவலகத்தில் என் பெயர் கிழங்கு. முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். நான் வெளியே போய்க் கதவு மூடுகிற வரை காத்திருக்கிற நாகரிகம் உண்டு.

ஆரஞ்சுக்கு ஒரு வருட ஒப்பந்தம் போட இருந்த அன்று என்னையும் கூப்பிட்டார்கள். வெளியிலிருந்து வந்திருந்த பெண் உணவு ஆலோசகர் திரையில் அட்டவணை காட்டினார். இருநூறு கிராம் ஆரஞ்சு ஒரு பக்கம், இருநூறு கிராம் கிழங்கு ஒரு பக்கம். வைட்டமின் சி-யில் ஆரஞ்சு எங்கேயோ போயிருந்தது. கிழங்கு வெறும் மாவு, தின்றால் தூக்கம்தான் வரும் என்றார்.

ஆலை மேலாளர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இவ்வளவு படிச்சிட்டு வந்து, பன்னிக்குப் போடறத எங்க ஆளுங்களுக்குப் போடச் சொல்றியே?"

எல்லாரும் சிரித்தார்கள். எழுந்து சமையலறைக்குப் போய்த் தராசையும், இருநூறு கிராமில் ஒரு ஆரஞ்சையும், அதே எடையில் ஒரு அவித்த கிழங்கையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தேன். ஆலோசகரையே இரண்டையும் உரிக்கச் சொன்னேன். உரித்தார். தோலும் கொட்டையும் போக ஆரஞ்சு நூற்று நாற்பதில் நின்றது. கிழங்கு தோல் போக நூற்றுத் தொண்ணூறு.

"உங்க அட்டவணையில எங்க ஆளுங்க தோலையும் சேர்த்துத் தின்னுறாங்க மேடம்."

வைட்டமின் சி-யில் பழம்தான் ஜெயிக்கும், அதை மறைக்க மாட்டேன் என்றேன். ஆனால் அதில் இருப்பது அறுபத்தைந்து கலோரி. கிழங்கில் நூற்று நாற்பதுக்கும் மேல். உள்ளே காவி நிறமாக இருக்கிற ரகம் வாங்கினால் வைட்டமின் ஏ-யில் ஆரஞ்சு கிட்டவே வர முடியாது.

"அறுபத்தஞ்சு கலோரியில ஒரு ஆள் நாலு மணி நேரம் ஓடணுமா சார்? உங்க மெஷினுக்கே அந்தக் கரண்ட் பத்தாதே."

மேலாளர் ஆலோசகரைப் பார்த்தார். கணக்கு சரிதான், தப்பு தன்னுடையது என்று அவர் ஒத்துக்கொண்டார். அந்த நேர்மைக்காக அவரை மன்னித்தேன். காலர் பகுதிக்கு மட்டும் இரண்டு வாரம் கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவானது.

ஐந்து மணிக்கு மேல் கெட்டுப்போகிற காலர்கள் நாளுக்கு நாற்பதிலிருந்து பதினொன்றாக இறங்கின. நூல் வெட்டுகிற பேச்சை மேற்பார்வையாளர் அதோடு விட்டுவிட்டார். ஆரஞ்சு மத்தியானச் சாப்பாட்டோடு போனது. நாலு மணிக்கு ஆலை முழுக்கக் கிழங்கு வந்தது.

முதல் நாளே மேலாளர் தன் அறைக்கு இரண்டு அனுப்பச் சொல்லி ஆள் விட்டார்.

"வரிசையில வந்து வாங்கிக்கச் சொல்லுங்க" என்றேன்.

வந்தார். தட்டோடு என் அம்மாவுக்குப் பின்னால் நின்றார். அம்மா திரும்பியே பார்க்கவில்லை.