அடியிலிருந்து பார்த்த வள்ளம்

கடற்கரைச் சாலையில் இருந்த சிப்பிக் கைத்தொழில் கூடத்தில் ஜெபசெல்வியைப் போல மேசைவிளக்கு செய்ய ஆள் கிடையாது. சிப்பிகளை அளவு பார்த்துப் பொறுக்கி, விளிம்போடு விளிம்பு பொருந்த ஒட்டுவாள். அவள் செய்த விளக்குகளை வரிசையாக வைத்தால் எதை முதலில் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. மதராஸ் கடைகள் திரும்பத் திரும்ப ஆர்டர் கொடுத்தது அதனால்தான்.

எழுபத்து நாலாம் வருஷம் கிளாடிஸ் வேலைக்குச் சேர்ந்தாள். கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிற ரோச்சின் தங்கை. அவள் வேலையில் பசை வழியும். விளக்கு ஒரு பக்கமாகச் சாயும். அதையெல்லாம் திருத்துவதும் ஜெபசெல்வியின் பாடாயிற்று.

ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளாடிஸ், கழித்துப் போட்ட சிப்பிகளை வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். ஒரு நாள் அதை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். கீழே நின்று அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். முத்துச்சிப்பிகளின் மினுங்கும் உட்புறம் அலையலையாகப் பரவியிருக்க, நடுவில் கறுத்த சிப்பிகளால் ஒரு வள்ளத்தின் அடிப்பாகம். கடலுக்குள் இருக்கிறவன் கண்ணுக்குத் தெரிகிற வள்ளம். அண்ணன் சொல்லக் கேட்டுச் செய்ததாகச் சொன்னாள்.

கூடத்தை நடத்திய கிருபாபாய் அதை மதராஸ் கண்காட்சிக்கு அனுப்பலாம் என்றார். ஜெபசெல்விக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து தானும் சொந்தமாக ஒன்று செய்து பார்த்தாள். ஒரு மயில் வந்தது. ஒரு குறை சொல்ல முடியாத மயில்தான். ஆனால் காலண்டரில் இருந்த அதே மயில். அதைத் தங்கை வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

அனுப்ப வேண்டிய வாரம், காலையில் கதவைத் திறந்தால் கிளாடிஸின் கடல் தரையில் சிதறிக் கிடந்தது. பசை தாங்கவில்லை. கிளாடிஸ் அதன் நடுவில் உட்கார்ந்து அழுதாள். தனக்கு இதற்கு மேல் தெரியாது, விட்டுவிடலாம் என்றாள்.

ஜெபசெல்வி பக்கத்தில் உட்கார்ந்து உடையாத சிப்பிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். "ஏளா, அழுதது போதும். எது எங்கன இருந்துச்சோ அப்படியே துணியில பரப்பு. நான் கட்டித் தாரேன்."

ஒவ்வொரு சிப்பியிலும் கை டிரில்லால் இரண்டு துளை போட்டு, மீன் பிடிக்கிற நைலான் நரம்பால் கோத்துக் கட்டினாள். இடையில் கோணலாக ஒரு சிப்பி வந்தது. வழக்கம்போல் அதை நேராக்கினாள்.

"அது சாஞ்சே இருக்கட்டும்க்கா," என்றாள் கிளாடிஸ். "நேரா வச்சா தண்ணி அசையாது."

ஜெபசெல்வி பழையபடி சாய்த்துப் பார்த்தாள். தண்ணீர் அசைந்தது. இது தனக்கு ஒருநாளும் தோன்றியிருக்காது என்று புரிந்தது. புரிந்தபோது, இத்தனை நாள் மனசில் கிடந்த உறுத்தல் ஏனோ இல்லை. அந்தச் சாய்வு அப்படியே நிற்க வேண்டுமானால் இரண்டு துளை போதாது, இன்னொன்று வேண்டும். அதைப் போட்டாள்.

மறுபடி தொங்கவிட்ட அன்று ரோச் பார்க்க வந்தான். கீழே நின்று அண்ணாந்தவன் தன்னையறியாமல் மூச்சை அடக்கிக்கொண்டான். மூச்சை விட்டதும், சங்கோடு மேலே ஏறி வரும்போது இப்படித்தான் இருக்கும் என்றான். பிறகு ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, முடிச்சு யார் போட்டது என்று கேட்டான்.

"அக்காதான்," என்றாள் கிளாடிஸ். "எனக்கு மனசுல தெரிஞ்சுச்சு, அவ்வளவுதான். அதை நிக்க வச்சது அவியதான்."

வைக்கோல் பொதிந்த பெட்டியில் அது ரயிலேறிப் போனது. கூடவே போய்த் திரும்பிய கிருபாபாய், ஒரு சிப்பிகூட உதிரவில்லை என்றும், ஜனங்கள் கழுத்து வலிக்க வலிக்க நின்று பார்த்தார்கள் என்றும் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபசெல்வி தனக்கென்று எதையும் கேட்கவில்லை. கிளாடிஸைத் தன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். கொஞ்சம் பொறுத்து, தன் கைகளுக்காகவும்.