பத்தாவது நெஞ்சு

வலது கை சட்டைக்குள் போக மறுத்தது. அவள் அப்பாவின் முழங்கையை மெல்ல மடக்கி, தோளைத் தூக்கி, கையைத் துணிக்குள் இழுத்துவிட்டாள். ஆஸ்பத்திரி வண்டி வந்து இறக்கிவிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் உடம்பு விறைக்க ஆரம்பித்திருந்தது.

தம்பி கதவருகிலேயே நின்றான். "என்னால முடியலக்கா. நீயே போட்டுடு. உனக்குத்தான் பொணமெல்லாம் பழக்கமாச்சே." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியே போனான்.

பழக்கம்தான். மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷம் முழுக்க அறுத்துப் படித்தவள்தானே. ஆனால் அந்த மேசைகளில் கிடந்த எவரும் அவளிடம் தினமும் போன் பண்ணி "சாப்டியா?" என்று கேட்டதில்லை. கேட்டவருக்கு "அப்புறம் பேசறேன்ப்பா, படிக்கணும்" என்பதுதான் மூன்று வருஷமாக அவள் சொன்ன பதில்.

முதுகுப்பக்கம் சட்டையை இறக்க அவரை ஒருக்களித்துச் சாய்த்தாள். உள்ளங்கை வலது விலாவின் அடிப்பக்கம் பட்டதும் கையை எடுத்துவிட்டாள்.

அதே இடம். நாலு மாதத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் பத்து கேஸ் ஷீட் ஒப்படைக்க வேண்டும். ஒன்பது நோயாளிகளை வார்டில் பார்த்து எழுதியாயிற்று. பத்தாவது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நோயில்லாத நெஞ்சாக இருக்க வேண்டும். விடுதிக்குத் திரும்ப நாலு மணிக்கு பஸ். அப்பாவைச் சட்டையைக் கழற்றச் சொன்னாள்.

"தட்டிப் பாத்து வாங்க நான் என்ன தர்பூசணியா?" என்று சிரித்தபடியே முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

முதுகில் விரல் வைத்துத் தட்டினாள். இடப்பக்கம் டம்மென்று ஒலித்தது. வலப்பக்கம் கீழே மொத்தென்று அடங்கியது. மறுபடி தட்டினாள். அதே மொத். உள்ளே நீர் கோத்திருந்தால் இப்படித்தான் கேட்கும், முந்தின வாரம்தான் படித்திருந்தாள். ஆனால் மூன்றாம் வருஷத்து விரல், தப்பாகத் தட்டியிருக்கும். மணி மூன்றேகால். இது நல்ல நெஞ்சாக இல்லாவிட்டால் இன்னொரு நெஞ்சுக்கு அவள் எங்கே போவாள்?

"எப்படி இருக்கு, டாக்டரம்மா?"

"சூப்பரா இருக்குப்பா."

நார்மல் என்று எழுதினாள். பேராசிரியர் பத்துக்கு ஒன்பது போட்டார். இரண்டு மாதம் கழித்து அப்பா பள்ளிக்கூட பஸ்ஸின் ஸ்டியரிங்கிலேயே மூச்சுத் திணறிச் சாய்ந்தபோது, நுரையீரல் புற்று கல்லீரல்வரை போயிருந்தது.

அம்மா உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது. விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி. நீ வந்து நெஞ்சைத் தட்டிப் பாத்தியே, அதுக்கு மறுநாள் ஸ்கேனுக்குப் போறதா இருந்தார். இருமல் விடலேன்னு. படிப்பு கெடும், அவகிட்ட மூச்சு விடாதேன்னுட்டார். நீ நல்லா இருக்குன்னதும் ஒரே சந்தோஷம். 'எம்பொண்ணே சொல்லிட்டா, இனி எவன் சொல்லணும்'னு போகவே இல்ல. அப்புறம் ரெண்டு மாசம் மனுஷன் நிம்மதியா தூங்கினார். அந்தப் புண்ணியம் உனக்குத்தான்."

அவளுக்கு அம்மாவின் மடியில் விழுந்து கதற வேண்டும் போலிருந்தது.

"சத்தம் சரியா இல்லம்மா."

"என்ன சத்தம்?"

"அன்னிக்குத் தட்டினப்ப. வலப்பக்கம் சரியா இல்ல. எனக்குத் தெரிஞ்சுது. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நல்லா இருக்குன்னுட்டேன்."

நீவிக்கொண்டிருந்த கை நின்றது. கூடத்தில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா நெடுநேரம் அப்பாவின் முகத்தையே பார்த்தாள். மகள் பக்கம் திரும்பவில்லை.

"தம்பிகிட்ட சொல்லிடாத," என்றாள். எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

கூடத்தில் ஒரு பெண்குரல், தனியாக இருக்கிறாளே, கூட யாராவது போகட்டுமா என்று கேட்டது.

"வேணாம்," என்றாள் அம்மா. "அவளே பாத்துப்பா. டாக்டருக்குப் படிக்கறா."