வியாழக்கிழமை முறை

மாவுப் பையும் பிசைகிற பேசினும் ஒரு கையில், சின்னவன் இன்னொரு கையில். பல் டாக்டர் வீட்டு மாடிப்படியில் பாதி ஏறுவதற்குள் அவளுக்குக் கால் இரண்டும் கெஞ்ச ஆரம்பித்துவிட்டன. விடியற்காலை மூன்று மணியிலிருந்து பேக்கரியில் நின்ற கால்கள். ஒன்பது மணிக்கு வேலை முடிந்து, எதிர்வீட்டு அக்காவிடம் விட்டிருந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, முகத்தில் ஒட்டியிருந்த மாவைக்கூடச் சரியாகக் கழுவாமல் பஸ் பிடித்து வந்திருந்தாள். லாரி ஓட்டும் கணவன் போய் ஐந்து நாளாகிறது. வர இன்னும் நான்கு நாளாகும்.

ஆறு வயது மகள் பின்னால் சத்தமில்லாமல் ஏறி வந்தாள். வீட்டில் அவளுக்கு வாய் ஓயாது. தம்பியை அதட்டுவாள், அப்பாவிடம் போனில் ஊர் வம்பெல்லாம் சொல்வாள். வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் முழுக்க அப்படித்தான். “வாயில என்ன பூட்டா போட்டிருக்கு?” என்று டீச்சர் ஒருநாள் நிற்க வைத்தார். பாத்ரூம் போகணும் என்று கேட்கவும் வாய் வராமல், நின்ற இடத்திலேயே உடுப்பை நனைத்துக்கொண்டாள். அதன் பிறகு காலையில் ஷூவைக் கண்டாலே வாந்தி. வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார்கள் சிலர். பெற்றவளுக்குத்தான் கண்டிப்பு போதாது என்றார்கள் சிலர். சொன்னவர்கள் யாரும் அந்த வாந்தியைத் துடைக்க வரவில்லை.

பேக்கரிக்கு ரொட்டி வாங்க வந்த பல் டாக்டரம்மாதான் வழி சொன்னார். “எங்க வீட்டு மாடியில அஞ்சு குடும்பத்துப் பிள்ளைங்க சேர்ந்து படிக்குது. பள்ளிக்கூடம் கிடையாது. நாமதான் ஆளுக்கொரு நாள் சொல்லித்தரணும். ஒரு மாசம் வந்து பாருங்க. உங்களுக்கும் ஒத்துவரணும், எங்களுக்கும் ஒத்துவரணும்.”

அவள் முறை வியாழக்கிழமை; அன்றுதான் முதல் தடவை. மற்ற பெற்றோரில் ஒருவர் குச்சிகளை வைத்துப் பாலம் கட்டிக் காட்டுவாராம், இன்னொருவர் பாட்டு சொல்லித்தருவாராம். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மாவு.

எட்டுப் பிள்ளைகள் பேசினைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கீழே கிளினிக்கில் பல் குடையும் மெஷினின் ரீங்காரம் தரை வழியாக ஏறி வந்து முழங்காலைக் கூசச் செய்தது. மாவு எத்தனை கப், தண்ணீர் எத்தனை கப் என்று ஆளுக்கொன்றாக அளக்க விட்டாள். டாக்டரம்மாவின் மகள் ஈஸ்டை மோந்து பார்த்தாள்.

“இது செத்துப்போச்சா ஆன்ட்டி?”

“இல்ல கண்ணு, தூங்குது. வெதுவெதுன்னு தண்ணி பட்டா எந்திரிச்சுக்கும்.”

சிரித்தார்கள். மாறி மாறிப் பிசைந்தார்கள். மகள் பேசாமல்தான் பிசைந்தாள், ஆனால் முழங்கை வரை மாவு. பேசினை ஈரத்துணியால் மூடியதும் எல்லோரும் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

“இனிமே நமக்கு வேலை இல்ல. அது பாட்டுக்கு உப்பும். பார்த்துக்கிட்டு இருந்தாப் போதும்.”

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஜன்னல் வெயில் தோளில் விழுந்தது. பிள்ளைகளை ஒருதரம் எண்ணினாள். ஆறு வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது மெஷின் சத்தம் நின்றிருந்தது. எதிரே டாக்டரம்மா, முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்க. அவர் இடுப்பில் சின்னவன். பிள்ளைகள் எல்லோரும் சுவரோரமாக வரிசையில், வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். மகள் கதவருகே நின்றாள்.

“கீழ பேஷண்ட்டுங்க நடுவுல உட்கார்ந்திருந்தான்,” என்றார் டாக்டரம்மா. குரலை உயர்த்தவில்லை. “தெருக்கதவு திறந்துதான் கிடந்துச்சு.”

எழுந்து மகனை வாங்கிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“உங்களைத் திட்டணும்னு இல்ல. உங்க வேலை எனக்குத் தெரியும். ஆனா மத்தவங்ககிட்ட மறைக்க முடியாது. ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து பேசுவோம்.” சற்று நிறுத்தி, வேறு ஏதோ நினைவு வந்தவர் போலச் சொன்னார். “கொஞ்சம் முன்னாடி நான் முதல் தரம் மேல வந்தப்ப உங்க பொண்ணு என்னை உள்ளயே விடல. ‘அம்மா இப்பதான் தூங்குனாங்க, கதவை மெதுவா சாத்துங்க’ன்னா. இந்தப் பிள்ளைங்களையும் அவதான் அடக்கி வச்சிருக்கா. தம்பி நழுவுனதத்தான் கவனிக்கல.”

அவள் மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

“எப்படிச் சொன்னா?”

“என்னது?”

“என் பொண்ணு. மெதுவாச் சொன்னாளா, சத்தமாவா?”

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. “சாதாரணமாத்தான்… எல்லாரும் பேசற மாதிரிதான்.”

எல்லாரும் பேசுகிற மாதிரி. ஒரு வருஷமாக அவள் காத்திருந்த குரல் பத்தடி தள்ளி ஒலித்திருக்கிறது. அவள் சுவரில் சாய்ந்து வாயைப் பிளந்து தூங்கியிருக்கிறாள். அழுகை வரும் என்று நினைத்தாள். கொட்டாவிதான் வந்தது. அதை மறைக்கக்கூடத் தெம்பில்லை. மாவைப் பிள்ளைகளுக்கு உருண்டை பிடித்துக் கொடுத்துவிட்டு, டாக்டரம்மாவிடம் “ஞாயித்துக்கிழமை வரேங்க” என்று மட்டும் சொல்லிப் படியிறங்கினாள்.

பஸ் நிறுத்தத்தில் கூட்டம். பெஞ்சில் இடம் கிடைத்ததும் சின்னவன் மடியில் சரிந்தான்.

“டாக்டர் ஆன்ட்டிகிட்ட என்னமோ சொன்னியாமே,” என்றாள் மெதுவாக. “எனக்கும் ஒருதரம் சொல்லேன்.”

மகள் சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள். பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கால் தரையில் எட்டாமல் தொங்க, ஒரு கையில் தம்பியின் சட்டைக் காலரையும் மறு கையில் அம்மாவின் பை வாரையும் இறுகப் பிடித்துக்கொண்டு, பஸ் வருகிற திசையையே பார்க்கத் தொடங்கினாள். அவள் விரல் இடுக்குகளில் மாவு காய்ந்து வெடித்திருந்தது.