அம்மா சொன்ன 'வுடு'

என் தம்பி சாம்சன் ஹாக்கியில் ஃபார்வர்டு. கோல் போடுவதுதான் வேலை. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மைதானத்தில் செய்வான். பந்து வந்ததும் ஐயாவுக்கு யோசனையும் வந்துவிடும். இடது மூலையா, வலது மூலையா, பக்கத்து ஆளுக்குத் தள்ளலாமா என்று அவன் முடிவெடுப்பதற்குள், எதிராளி பந்தைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்து ஊர் மானாம்பதி வரைக்கும் போயிருப்பான்.

போன சீசன் முழுக்க ஒரு கோல்கூட இல்லை. அவன் ஆடும் சென்னை டீமின் கோச் சுப்பிரமணி சார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார். உத்திரமேரூரில் நடக்கும் போட்டிதான் கடைசி. சொந்த ஊரிலும் கோல் இல்லையென்றால் டீமிலும் இடமில்லை.

அம்மாவுக்கு அதில் வருத்தமே இல்லை. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை சொல்லி வைத்திருந்தாள். நடவு வேலையை அரை நாளோடு விட்டுவிட்டு அவள் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்ததுகூட ஆட்டம் பார்க்க அல்ல.

"முடிஞ்ச கையோட கடைக்கு இட்டுக்கினு போயி பேண்ட்டு எடுத்துடலாம் பரிமளா. திங்கக்கெயம வேலைல சேரணும்."

"அவன் கோலு போட மாட்டான்னே முடிவு பண்ணிட்டியா?" என்றேன்.

"நான் இன்னா பண்றது? பந்தப் பாத்து முழிச்சிக்கினு கீறானே!"

முழித்துக்கொண்டுதான் இருந்தான். உள்ளே போய் மட்டையைப் பிடுங்கி நானே அடித்துவிடலாமா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில், கோலுக்கு நேரே பந்து அவனிடம் வந்தது. கால் நிறையக் காப்புப் பட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்த கோல்கீப்பர், பீரோவுக்குக் கை கால் முளைத்த மாதிரி அவன் மேல் பாய்ந்து வந்தான். எங்கள் ஆள் வழக்கம்போல யோசிக்க ஆரம்பித்தான். அம்மா பதறி எழுந்து அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"வுடுடா நைனா! வுடு!"

எங்கள் பக்கத்தில் 'வேணாம் வுடு' என்றால் விட்டுத் தள்ளு. 'ஓங்கி ஒன்று வுடு' என்றால் அடி. சாம்சன் யோசனையை அப்படியே போட்டுவிட்டு ஓங்கி ஒன்று வுட்டான். பந்து கோல்கீப்பரின் கால்களுக்கு நடுவே புகுந்து கோலின் உள்பலகையில் படாரென்று மோதியது.

ஊரே ஆர்ப்பரித்தது. அம்மா மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு என் காதில் முணுமுணுத்தாள்.

"ஐயோ, ஒதுங்கி வாடான்னு தாண்டி சொன்னேன்! கால ஒடச்சிக்கினா கம்பெனில எவன் சேத்துப்பான்?"

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அதற்குள் சுப்பிரமணி சார் சாம்சனின் முதுகில் தட்டி, திங்கட்கிழமை காலையே சென்னையில் பயிற்சிக்கு வரச் சொல்லிவிட்டார். அவன் அங்கிருந்து நேராக அம்மாவிடம் ஓடி வந்தான். அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உனுக்கு நான் ஆடறதே புடிக்காதுன்னு நெனச்சிக்கினு இருந்தேம்மா. நீயே அடிக்கச் சொன்னப்புறம் யோசிக்க இன்னா கீது?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவாள் என்று தெரிந்தது. சொல்லி வைத்த வேலையை அவள் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டாள்.

"பின்ன? பெத்தவ சொல்லாம வேற எவ சொல்லுவா?" என்று முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். "இனிமேட்டும் எவன் குறுக்க வந்தாலும் வுடு."