என்ஜின் சூடு, சக்கரம் சில்

நான் மெக்கானிக் மகள். "இரும்பு அடிக்கிற இடத்துல ஈக்கு என்ன வேலை?" என்று என்னைப் பட்டறையிலிருந்து விரட்டாத ஆள் கிடையாது. விரட்டியும் போகாத ஈ நான். அதனால்தான் என் வீட்டுக்காரர் பொய் சொல்ல ஆரம்பித்ததும் வண்டியை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன்.

அவர் ஒரு சோப்புக் கம்பெனிக்காகக் கடை கடையாக ஏறி ஆர்டர் எடுப்பவர். கடைகளெல்லாம் பக்கத்து ஊரில். போக வர மோட்டார் சைக்கிள்தான். காலையில் வாசலில் கிளப்பி, ஆயில் மேலே ஏறுகிறவரை கொஞ்சம் ஓடவிட்டு, மகளைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போவார். ஒருநாள் திடீரென்று, "இனிமே பாப்பாவ வேன்ல அனுப்பிடலாம், எனக்கு ரூட்டை மாத்திட்டாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் மழை வரும்போல இருந்தது. அவர் வந்து இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வண்டியை உள்ளே தள்ளப் போனேன். கை தவறி என்ஜின்மேல் பட்டுவிட்டது. வெந்தது என்று நினைத்துக் கையை இழுத்தால், சில்லென்று இருக்கிறது.

"ஏங்க, வண்டி ஏன் இப்படி ஆறிக் கிடக்கு?"

"வர்ற வழியில நிறுத்தி ஒரு டீ குடிச்சேன்."

ஒரு டீ குடிக்கிற நேரத்தில் டீதான் ஆறும், என்ஜின் ஆறாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் மனுஷன். மனசுக்குள் ஒருத்தியைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டேன். பக்கத்திலேயே எங்கேயோ அவள் வீடு, பகலெல்லாம் இவர் அங்கே.

மறுநாளிலிருந்து வண்டி கொதித்துக்கொண்டு வந்தது. கிட்டே போனாலே ஆயில் கருகிய வாடை. கள்ளன் பெரியவனா, காப்பான் பெரியவனா என்று நானும் குனிந்து பின்சக்கர பிரேக் டிரம்மைத் தொட்டேன். அது சில்லென்று இருந்தது. டயரும் அப்படியே. ஓடி வந்த வண்டியில் எல்லாமே சூடாக இருக்கும். காற்றில் ஆறுகிற என்ஜின் இது, ஓடினால்தான் அதற்குக் காற்று. நின்ற இடத்திலேயே உறுமவிட்டால் என்ஜின் மட்டும் வேகும். எனக்காகவே வேகவைத்துக் கொண்டுவருகிறார். அந்த நினைப்பில்தான் ஆத்திரம் தலைக்கேறியது.

நான் போட்டோகாப்பிக் கடையில் வேலை பார்க்கிறேன். அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவர் வருகிற நேரத்துக்குத் தெருக்கோடியில் போய் நின்றேன். பஸ் வந்தது. அதிலிருந்து சாம்பிள் பையோடு இறங்கினார். மூடிக்கிடக்கிற குடோனுக்குப் பின்பக்கம் போனார். வண்டி அங்கே நின்றது. அதை ஸ்டாண்டில் ஏற்றிக் கிளப்பிவிட்டு, பக்கத்தில் ஒரு செங்கல்லில் உட்கார்ந்து கையால் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டிருந்தார். எந்தப் பொம்பளையும் இல்லை.

நான் போய்ச் சாவியைத் திருகி அணைத்தேன். "யாரு அவ?"

"எவ?" என்று விழித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "வண்டி ஓட்டப் பயமா இருக்கு. வாசல்ல கிளப்பிட்டு, நீ உள்ள போனதும் அணைச்சு, தெருமுனை வரைக்கும் உருட்டிக்கிட்டு வந்து இங்க விட்டுட்டு பஸ்ல போறேன். பாதிக் கடைதான் முடியுது. வண்டி ஓட்ட முடியலன்னு தெரிஞ்சா கம்பெனில நிறுத்திடுவாங்க."

"என்ன பயம், இத்தனை வருஷம் ஓட்டிட்டு?"

"பாப்பாவ ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனேன்ல? பின்னாடி உக்காந்து வாய்ப்பாடு ஒப்பிச்சுக்கிட்டு வந்தா. ஏழு ரெண்டு பதினாலு, அது கேட்டுச்சு. அதுக்கப்புறம் எனக்குக் கேட்டது ஏழு ஆறு நாப்பத்திரெண்டு."

விரல் விட்டு எண்ணினேன், நடுவில் மூன்று வரி காணோம்.

"நடுவுல கண்ணு இருட்டிடுச்சு. வண்டி அதுபாட்டுக்கு ஓடியிருக்கு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

பத்து நாளாக நான் திட்டிக்கொண்டிருந்த அந்த ஒருத்தி இருந்திருக்கக் கூடாதா என்று சத்தியமாக நினைத்தேன். அவளோடு சண்டை போட்டிருக்கலாம்.

"எந்திரிங்க. டாக்டர்கிட்ட போலாம்."

ஆட்டோ பிடித்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் புத்திக்கு எட்டவில்லை. நானே வண்டியை எடுத்தேன், அவரைப் பின்னால் உட்காரவைத்தேன்.

"இறுக்கிப் பிடிச்சுக்கங்க. வாய மூடாதீங்க. உங்க கடைப் பேரெல்லாம் ஒண்ணொண்ணாச் சொல்லிக்கிட்டே வாங்க."

சொல்லிக்கொண்டே வந்தார். மருந்துக்கடை, மாவுமில், ரெண்டு பலசரக்குக் கடை. பெரிய ரோட்டில் திரும்புகிற இடத்தில் குரல் நின்றுவிட்டது.

"ஏங்க!" என்று கத்தினேன். ரோட்டில் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"இருக்கேன்டி. அடுத்த கடை பேரு மறந்துபோச்சு."

"ஏதாவது ஒரு பேரைச் சொல்லித் தொலைங்க" என்றேன். கண்ணீரில் எனக்கு ரோடு தெரியவில்லை.